ராணுவ அழைப்பை மறுத்த கலைஞர் ஏன் வீடு திரும்ப முடிவதில்லை?

கண்காட்சிகளில் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையில் சில சமயம் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘கட்டாய ராணுவ சேவையை மறுத்ததால் நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர்.’ படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு போர் இருக்கிறது, பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் போட்டுப் பார்த்த ஒரு கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இதை விளக்க 1980களின் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். கட்டாய ராணுவ சேவை எத்தனையோ நாடுகளில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் மறுப்பவனுக்கு எத்தனை ஆண்டு தண்டனை என்பதைத் தென்னாப்பிரிக்கா போலத் துல்லியமாக எழுதிவைத்த நாடுகள் குறைவு. அதனால் கற்றுக்கொள்ள வசதியான உதாரணம் அது.

முதலில் அடிப்படை. கட்டாய ராணுவ சேவை என்றால், குறிப்பிட்ட வயது வந்தவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சில காலம் ராணுவத்தில் இருந்தே ஆகவேண்டும் என்ற சட்டம். தென்னாப்பிரிக்காவில் 1967 முதல் வெள்ளை இன ஆண்கள் எல்லோருக்கும் இது பொருந்தியது. வெள்ளையர்களுக்கு மட்டும்தான். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே தராத அரசு, அவர்கள் கையில் கட்டாயமாகத் துப்பாக்கியைக் கொடுக்குமா? ஆரம்பத்தில் 9 மாதம். 1972இல் ஓராண்டு. 1970களின் கடைசியில் 2 ஆண்டு. பையனுக்கு 16 வயதாகும் ஆண்டிலேயே பெயரைப் பதிவுசெய்துவிட வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பதிவு முடிந்துவிடும். மீசை முளைக்கும் வயதில் ராணுவத்தின் ஏட்டில் பெயர் ஏறிவிடும் என்று சொல்லலாம்.

2 ஆண்டோடு விட்டார்களா என்றால், இல்லை. 1982இல் வந்த திருத்தத்தின்படி, அந்த 2 ஆண்டு முடிந்த பிறகும் அடுத்த 12 ஆண்டுகளில் மொத்தம் 720 நாள் முகாம்களுக்குப் போகவேண்டும். வேலையில் சேர்ந்திருப்பான், கல்யாணமாகியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும். அப்போதும் கடிதம் வரும், சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். இந்த 720 நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சரி, ராணுவத்தில் என்ன வேலை? இதைச் சொல்லாமல் மறுப்பைப் புரிந்துகொள்ள முடியாது. தென்னாப்பிரிக்கா அன்று நமீபியாவைத் தன் பிடியில் வைத்திருந்தது. 1975இல் அங்கோலாவுக்குள்ளும் படையை அனுப்பியது. வெள்ளைக் குடும்பங்களில் ‘எல்லைக்குப் போயிருக்கிறான்’ என்று பேசிக்கொண்டது இதைத்தான். எல்லை என்பது வெகு தூரத்தில் இருந்த ஒன்று. அங்கே நடப்பது ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பலர் விரும்பவில்லை. 1984 அக்டோபரில் இது மாறியது. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே செபோகெங் என்ற கறுப்பினக் குடியிருப்புக்குள் ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஏறக்குறைய 7,000 பேர் நுழைந்து வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அதன்பிறகு ராணுவ வண்டிகள் குடியிருப்புகளில் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து காரில் போனால் எட்டிவிடும் தூரத்தில், தன் நாட்டு மக்கள் மீதே துப்பாக்கி நீட்டவேண்டிய நிலை அந்தப் பையன்களுக்கு வந்தது.

விளைவு எண்களில் தெரிந்தது. 1984 முழுவதும் அழைப்பு வந்தும் போகாதவர்கள் 1,596 பேர். 1985 ஜனவரியில் மட்டும் 7,589 பேர். அதன்பிறகு அரசு அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. அந்த 7,589 பேரும் கொள்கைக்காக மறுத்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் சேவையைத் தள்ளிப்போட முடியும் என்பதால் பட்டத்துக்கு மேல் பட்டமாகப் படித்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. முகவரியை மாற்றிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. பயம், சலிப்பு, காதல், வெறுப்பு எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒளிந்துகொள்வதும் மறுப்பதும் வேறு வேறு. மறுப்பவர் வெளிப்படையாகச் சொல்கிறார்: ‘நான் வரமாட்டேன், என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.’ இதை மனசாட்சி மறுப்பு என்கிறார்கள். 1916இல் பிரிட்டன் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தபோதே மனசாட்சியின் பேரில் விலக்குக் கேட்க அதில் ஒரு பிரிவு வைத்தது. ஆக, இது புதிய யோசனை அல்ல. ஆனால் யாருடைய மனசாட்சியை அரசு மனசாட்சி என்று ஒப்புக்கொள்ளும்? சிக்கல் எல்லாம் அங்கேதான்.

தென்னாப்பிரிக்கா 1983இல் ஒரு வாரியம் அமைத்தது. ‘என் மதம் எந்தப் போரையும் ஏற்கவில்லை’ என்று அந்த வாரியத்தின் முன் நிரூபிக்க முடிந்தவர், ராணுவத்துக்குப் பதிலாக அரசு சொல்லும் வேறு வேலையைச் செய்யலாம். ஆனால் ஒன்றரை மடங்கு காலம். மதக் காரணம் இல்லாதவருக்கு இந்த வழி கிடையாது. ‘எல்லாப் போரும் தவறு என்று நான் சொல்லவில்லை. இந்த ராணுவம் இனஒதுக்கலை, அதாவது நிறத்தை வைத்து மக்களைப் பிரித்து ஒடுக்கும் ஆட்சிமுறையை, காப்பாற்றுகிறது, அதனால் இதில் சேரமாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சிறை. அதற்கும் அதே ஒன்றரை மடங்குக் கணக்குதான். 2 ஆண்டு சேவை, அதோடு 720 நாள் முகாம், ஆக ஏறக்குறைய 4 ஆண்டு. அதன் ஒன்றரை மடங்கு 6 ஆண்டு.

அந்த 6 ஆண்டை 1980களின் நீதிமன்றங்கள் நீதிபதி பார்த்துக் குறைக்கிற உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டிப் பெருக்கினால் வருகிற விடை. இன்னொன்றும் இருந்தது. 1974இல் தென்னாப்பிரிக்கத் தேவாலயங்களின் கூட்டமைப்பு, மனசாட்சி மறுப்பைப் பற்றி யோசிக்கும்படி கிறிஸ்தவர்களைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அரசு, இன்னொருவரை ராணுவத்துக்குப் போகாதே என்று தூண்டுவதையே குற்றமாக்கியது. அதற்கும் 6 ஆண்டு வரை சிறை. அதாவது ஒருவர் தன் மறுப்பைக் காரணத்தோடு மேடையில் விளக்கினால், அந்த விளக்கமே இரண்டாவது குற்றமாகிவிடலாம்.

இதைச் சுற்றிவந்து பேசக் கலை தேவைப்பட்டது. 1983இல் உருவான ‘எண்ட் கன்ஸ்கிரிப்ஷன் கேம்பெய்ன்’ (கட்டாய சேவையை நிறுத்தக் கோரும் இயக்கம்) என்ற அமைப்பு, ‘போகாதே’ என்று சொல்லாமல் ‘இந்தச் சட்டத்தை எடு’ என்று கேட்டது. சுவரொட்டி, கார்ட்டூன், இசை நிகழ்ச்சி, கண்காட்சி என்று அது பேசிய மொழி பாதிக்குமேல் கலையின் மொழிதான். 1985இல் இசைக்கலைஞர்கள் சேர்ந்து ஒரு பாடல் தொகுப்பு வெளியிட்டார்கள். எல்லையில் இருக்கும் பையன்களுக்கு வீட்டிலிருந்து வாழ்த்து சொல்லும் ‘ஃபோர்சஸ் ஃபேவரிட்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதன் பெயரையே எடுத்து அந்தத் தொகுப்புக்கு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர், யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். நாட்டை விட்டுப் போகிற கலைஞர் எதை இழக்கிறார் என்பதற்கு இதுதான் சாவி.

1988 ஜூலையில் டேவிட் புரூஸ் என்ற இளைஞருக்கு 6 ஆண்டு முழுத் தண்டனை கிடைத்தது. அவர் மதத்தைக் காரணம் காட்டவில்லை. இனவெறிக்காகப் போராடும் ராணுவத்தில் சேரமாட்டேன் என்றார். அவருடைய தாய் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் ஐவன் டோம்ஸ் என்ற மருத்துவர் சிறைக்குப் போனார். அவர் 2 ஆண்டு சேவையை ஏற்கெனவே முடித்தவர். மறுத்தது முகாம் அழைப்பை. ஆகஸ்டில் 143 இளைஞர்கள் ஒன்றாக நின்று, இந்த ராணுவத்தில் ஒருநாளும் சேரமாட்டோம் என்று அறிவித்தார்கள். அதே மாதத்திலேயே எண்ட் கன்ஸ்கிரிப்ஷன் கேம்பெய்ன் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மறுத்தவர்களின் பட்டியல் 771 பேராக வளர்ந்தது.

அந்த 143 பேரில் ஒருவர் கெண்டல் கீர்ஸ். பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட கலைஞர். அவர் முன்னால் இருந்த வழிகள் இவ்வளவுதான்: போய்ச் சேர்வது, 6 ஆண்டு சிறை, அல்லது வெளியேறுவது. 1989இல் அவர் வெளியேறினார். முதலில் இங்கிலாந்து, பிறகு நியூயார்க். அங்கே ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற கலைஞருக்கு உதவியாளராக வேலை பார்த்தார்.

இப்போது சொற்களுக்கு வருவோம், ஏனென்றால் தமிழில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. ‘நாடுகடத்தப்பட்ட கலைஞர்’ என்று எழுதிவிடுகிறோம். நாடுகடத்தல் என்றால் அரசு பிடித்து வெளியே தள்ளுவது. கீர்ஸை யாரும் தள்ளவில்லை. அவரே போனார், திரும்பி வந்தால் சிறை என்பதால் வர முடியாமல் போனது. கதவைச் சாத்தியவர் அரசு, வாசலைத் தாண்டியவர் அவர். ‘புலம்பெயர்ந்தவர்’ என்பதும் போதாது, வேலைக்காகப் போனவரும் புலம்பெயர்ந்தவர்தான். ‘புகலிடத்தில் வாழ்பவர்’ என்பது ஓரளவுக்குச் சரியாக வருகிறது. ஏன் வந்தார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘வனவாசம்’ என்றும் சிலர் எழுதுவார்கள். அழகான சொல், ஆனால் இங்கே ஒட்டாது. இராமனுக்கு 14 ஆண்டு என்று கணக்கு இருந்தது. பாண்டவர்களுக்கு 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் என்று கணக்கு இருந்தது. நாளை எண்ணலாம், எண்ணி முடித்ததும் திரும்பலாம். சிறைக்குப் போன டேவிட் புரூஸுக்கும் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே, 1990இல், அவர் வெளியே வந்தார் என்பது வேறு கதை. வெளிநாட்டுக்குப் போனவருக்குத் தேதி கிடையாது. சட்டம் மாறினால் திரும்பலாம், ஆட்சி மாறினால் திரும்பலாம். எப்போது மாறும்? 1989இல் விமானம் ஏறிய ஒருவருக்கு, அடுத்த பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வருவார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்க வேண்டும். சிறையைத் தவிர்த்து ‘தப்பித்துப் போனார்’ என்று இதை எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

போகிற இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்பது அடுத்த கேள்வி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தப்படி, இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுபவரே அகதி. ராணுவத்துக்குப் போகவில்லை, அதனால் வழக்குப் போடுவார்கள் என்பது மட்டும் போதாது. எல்லா நாடும் அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடு இதில் ஒரு கோடு போடுகிறது: ஒருவர் பங்கேற்க மறுக்கும் ராணுவ நடவடிக்கை, மனித நடத்தையின் அடிப்படை விதிகளுக்கே எதிரானது என்று உலக நாடுகளால் கண்டிக்கப்பட்டதாக இருந்தால், மறுத்ததற்கான தண்டனையையே துன்புறுத்தல் என்று கருதலாம்.

தென்னாப்பிரிக்கர்களுக்கு இதில் தனியாகவே ஒரு ஆதாரம் இருந்தது. 1978 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இனஒதுக்கலை அமல்படுத்தும் ராணுவத்திலும் போலீஸிலும் பணியாற்ற மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு, அதனால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்குப் புகலிடம் கொடுங்கள் என்று அது உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் லண்டனில், இப்படி வெளியேறியவர்களே சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் புகலிட விண்ணப்பத்துக்கு உதவுவது, ராணுவம் என்ன செய்கிறது என்று பத்திரிகை போட்டுச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் குடியேற்ற அதிகாரி முன் உட்காரும் ஒரு பையன் கையில் அந்தத் தாள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

மற்ற நாட்டவர்களுக்கு அப்படி ஒரு தாள் கிடைப்பது அரிது. எரித்திரியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 மாத சேவை என்று சொல்கிறது, நடைமுறையில் அது முடிவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மியான்மரில் 2024 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி கட்டாய சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்தெல்லாம் வெளியேறுகிறவர்கள் ஒவ்வொருவராக, தனித்தனியாகத் தங்கள் காரணத்தை நிரூபிக்கவேண்டியிருக்கிறது.

இனி கலைஞர். ஒரு பொறியாளரும் ராணுவத்தை மறுத்து வெளியேறலாம், கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான், வேலை கிடைத்துவிடலாம். கலைஞருக்கு என்ன தனிக் கஷ்டம்? அந்தப் பாடல் தொகுப்பின் பெயரை நினைத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டு வானொலி, கண்ணீரோடு வாழ்த்து சொல்லும் அம்மா, எல்லையில் இருக்கும் அண்ணன் எல்லாம் சேர்ந்து மனதில் வரும். லண்டனில் அதே பெயரைச் சொன்னால் அடிக்குறிப்பு போடவேண்டும். கலைஞர் தன் கையையும் கண்ணையும் எடுத்துக்கொண்டு போகலாம். பாதி சொன்னாலே மீதியைப் புரிந்துகொள்ளும் மக்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

இந்த இழப்பைக் கறுப்பினக் கலைஞர்கள் இன்னும் கொடுமையாக அனுபவித்தார்கள், அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அவர்களைக் கட்டாய சேவைக்கு யாரும் அழைக்கவில்லை. அவர்கள் வெளியேறியது அந்த அரசின் கீழ் வாழவே முடியாததால். புகைப்படக்காரர் எர்னஸ்ட் கோல் 1966இல் நாட்டை விட்டார். மண்டேலா விடுதலையான சில நாட்களில், 1990 பிப்ரவரியிலேயே, நியூயார்க்கில் இறந்தார். திரும்பவே இல்லை. ஓவியர் டுமிலே ஃபேனி 1968இல் போனவர், 1991இல் அதே நகரத்தில் இறந்தார்.

தாமி ம்ன்யேலே வெகு தூரம் போகவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம், போட்ஸ்வானாவின் கபரோனேயில் ‘மேடு’ என்ற கலைஞர் குழுவில் சேர்ந்து சுவரொட்டிகள் வரைந்தார். 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து கபரோனேயில் வீடுகளைத் தாக்கியது. 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் அவரும் ஒருவர். அந்த 143 பேர் சேரமாட்டேன் என்று சொன்னது இந்த ராணுவத்தில்தான். ‘ஒரு கலைஞன் ஏன் ராணுவத்துக்கு இவ்வளவு பயப்படவேண்டும், 2 ஆண்டு போய்விட்டு வந்திருக்கலாமே’ என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ம்ன்யேலேயின் கதையைத்தான்.

வெளியேறிய வெள்ளையர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாடகர் டேவ் மேத்யூஸ் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், சேவைக்கு முன்பே, 1986இல் அமெரிக்கா போனார். அவர் 1980லிருந்தே அமெரிக்கக் குடிமகன். யாரிடமும் புகலிடம் கேட்கத் தேவையில்லை. தாத்தா பாட்டி வழியில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்க முடிந்தவர்களும் உண்டு. மறுப்பின் கனம் ஒன்றாக இருந்தாலும், கையிலிருக்கும் கடவுச்சீட்டைப் பொறுத்து அடுத்த பத்தாண்டு முற்றிலும் வேறாகிவிடும். ஒரு கலைஞரைப் பற்றி ‘ராணுவ சேவையை மறுத்து வெளியேறியவர்’ என்று படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: எந்தத் தாளை வைத்துக்கொண்டு போனார்?

தென்னாப்பிரிக்காவில் கதவு திறந்தது. 1990 பிப்ரவரியில் மண்டேலா வெளியே வந்தார், கீர்ஸ் அந்த ஆண்டே திரும்பினார். வெள்ளையர்களுக்கு மட்டுமான கட்டாய சேவை 1993இல் முடிவுக்கு வந்தது. 1997 ஜூலையில், இனஒதுக்கல் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கேப் டவுனில் கட்டாய ராணுவ சேவை பற்றித் தனியாகவே ஒரு விசாரணை நடத்தியது.

திரும்பி வந்ததும் கீர்ஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன் சொந்த ரத்தத்தால் தன் வெள்ளை உடம்பைக் கழுவிக்கொண்ட நிகழ்த்துகலை. பார்க்கக் கூசும். ராணுவத்தை மறுத்துவிட்டேன், அதனால் என் கை சுத்தம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் அதில் என்னைத் தொடுவது. பிறகு முள்கம்பி, உடைந்த கண்ணாடி, போலீஸ் தடி என்று அந்த ஊரின் பயத்தையே பொருளாக எடுத்து வேலை செய்தார். 1995இல் உடைந்த பீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வைத்துத் ‘தன்னோவியம்’ என்று பெயரிட்டார். அது ஹாலந்திலிருந்து இறக்குமதியான பாட்டில். தென்னாப்பிரிக்காவின் முதல் வெள்ளைக் குடியேறிகள் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்த கதை தெரிந்தவருக்கு அந்த லேபிளே போதும், அடிக்குறிப்பு வேண்டாம்.

1993இல் வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர் இன்னொன்று செய்தார். தன் பிறந்த தேதியை 1968 மே என்று மாற்றிக்கொண்டார், அதையே ஒரு கலைப்படைப்பாக அறிவித்தார். பாரிஸ் மாணவர் எழுச்சியின் மாதம் அது என்று விளக்குவார்கள், சரிதான். எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. 16 வயதில் பள்ளிக்கூடத்தில் ராணுவப் பதிவுக்காக அவனிடம் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, ‘பிறந்த தேதி என்ன?’ அந்தத் தேதியை வைத்துத்தான் அழைப்பு வரும் ஆண்டை அரசு கணக்கிடும். இன்று அவரைப் பற்றிய கண்காட்சி அட்டைகளில் அச்சாகியிருப்பது அவரே எழுதிக்கொண்ட தேதி.